கிளாம்ப் வைத்தியமும் 'நமக்கெதுக்கு வம்பு' கோஷ்டியும்

பழைய வண்டியில ஆயில் கூலர் லைன் ஒழுகுதுன்னு சொன்னா போதும், அமெரிக்காவுல இருக்கற நம்ம மக்கள் ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சுடுவாங்க. முதல் கோஷ்டி, "நமக்கெதுக்குங்க வம்பு, கடையில விட்டுடுங்க". ரெண்டாவது கோஷ்டி, "அட, ஒழுகற இடத்தை அறுத்து ஒரு ரப்பர் ஹோஸைச் சொருகி ரெண்டு கிளாம்ப் போடுங்க, வேலை முடிஞ்சுது". எனக்கு ரெண்டு பேரோடயும் சண்டை. ரெண்டாவது கோஷ்டியோட கொஞ்சம் அதிகமாவே.

முதல்ல விஷயம் என்னன்னு பார்த்துடலாம். 1990கள்ல வந்த ஷெவர்லே தாஹோ, சபர்பன் மாதிரி 5.7 லிட்டர் வி8 வண்டிகளை எடுத்துக்குங்க. அதுல பலதுக்கு ஆயில் ஃபில்டர் உட்கார்ற இடத்துலேர்ந்து ரெண்டு குழாய் கிளம்பி ரேடியேட்டரோட பக்கவாட்டுத் தொட்டிக்குப் போகும். ஒண்ணுல சூடான ஆயில் போகும், இன்னொண்ணுல ஆறின ஆயில் திரும்பி வரும். முனைகள் இரும்புக் குழாய், நடுவுல ரப்பர் ஹோஸ். ஏன்னா இன்ஜின் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. இரும்பும் ரப்பரும் சேர்ற இடத்துல ஒரு உலோக வளையத்தை வச்சு நசுக்கியிருப்பாங்க. வில்லன் அங்கதான் இருக்கான். வருஷக்கணக்கா சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் கெட்டிச்சுப் போயிடும். நசுக்கின வளையத்தைத் திரும்ப இறுக்க வழியே இல்லை. பனி கொட்டற மாநிலம்னா ரோட்டுல தூவற உப்பு இரும்புக் குழாயையும் தின்னுடும்.

இப்ப 'வம்பு' கோஷ்டிக்கு வருவோம். ஆபீஸ்ல நாளெல்லாம் ஆணி புடுங்கி, அடுத்தவன் எழுதின ஆயிரம் வரி நிரல்ல ஒரு புள்ளி தப்பைக் கண்டுபிடிக்கற ஆளுங்க இவங்க. சொந்த வண்டிக்கு அடியில ஒரு டார்ச் அடிச்சுப் பாக்க மாட்டாங்க. அதனால என்ன நஷ்டம்? வண்டி ஓடும்போது காத்து ஆயிலைப் பின்னாடி தள்ளிட்டுப் போகும். ஒழுகறது முன்னாடி, ஈரம் தெரியறது இன்ஜினோட பின்பக்கம். அவசரக்கார மெக்கானிக் அதைப் பார்த்து "ரியர் மெயின் சீல் போச்சு"ம்பார். அந்த சீலை மாத்த கியர்பாக்ஸையே இறக்கணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். காசையும் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தா அதே இடத்துல அதே சொட்டு. அடிப்பக்கத்தைக் கழுவித் துடைச்சுட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, எங்க முதல்ல ஈரம் வருதுன்னு பாக்க எந்தப் பட்டமும் வேணாம். ரிப்பேரை நீங்க பண்ணாட்டியும் இதையாவது பாருங்க சாமிகளா.

அடுத்தது கிளாம்ப் கோஷ்டி. டயர்ல நீங்க அடைக்கற காத்து 35 பி.எஸ்.ஐ. அந்த ஆயில் லைன்ல வண்டி ஓடும்போது 40லேர்ந்து 60 வரைக்கும் போகும், குளிர்காலக் காலையில ஸ்டார்ட் பண்ணினா அதுக்கும் மேல. ஆயிலோட சூடு கொதிக்கற தண்ணிக்குக் குறையாது. நீங்க சொருகற சாதா பெட்ரோல் ஹோஸ் ஏறக்குறைய 50 பி.எஸ்.ஐ-க்கு செஞ்சது. சரி, நல்ல ஹோஸே போட்டாலும், அறுத்த குழாயோட முனை மழமழன்னு இருக்கும். கிளாம்ப் போடறதுக்குன்னே செஞ்ச குழாய்ல நுனியில ஒரு புடைப்பு விட்டிருப்பாங்க, ஹோஸ் நழுவாம இருக்க. அது இங்க ஏது?

"எனக்கு ரெண்டு வருஷமா ஓடுதே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். கேட்டுப் பாருங்க, பல சமயம் அது கியர்பாக்ஸ் ஆயில் லைனா இருக்கும். அதுல அழுத்தம் கம்மி. இது இன்ஜின் ஆயில். மொத்தமே சுமார் 5 குவார்ட், அதாவது 4.7 லிட்டர். ஹைவேயில ஹோஸ் கழண்டா பம்பே எல்லாத்தையும் வெளிய இறைச்சுடும். சிவப்பு விளக்கு எரியறதைக் கவனிக்கறதுக்குள்ள பேரிங் போயிருக்கும். சூடான சைலன்சர் குழாய் மேல பட்டா தீயே பிடிக்கலாம்.

இன்னொண்ணு. கிளாம்ப் போட்ட வண்டியைக் கடைசி வரைக்கும் யாரும் வச்சுக்கறதில்லை, வித்துடறாங்க. விலை மலிவா இருக்கறதால அதை வாங்கறது யாரு? போன மாசம் ஊர்லேர்ந்து வந்து இறங்கின மாணவன். உங்க இருபது டாலர் சாமர்த்தியத்துக்கு அவன் இன்ஜினைப் பலி கொடுக்கணுமா?

ஒழுங்கான வழி ஒண்ணும் பிரம்ம வித்தை இல்லை. ரெண்டு லைனையும் புதுசா வாங்கி மாத்துங்க. இல்லைன்னா டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஹோஸ் செய்யற கடையில பழைய முனைகளைக் கொடுத்தா, இன்ஜின் ஆயிலுக்கு ஏத்த ஹோஸ் போட்டு மெஷின்ல நசுக்கித் தருவாங்க. இன்ஜின் ஆறினப்புறம் தொடுங்க. ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்ட் வைங்க. துருப்பிடிச்ச நட்டுக்கு முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊற வைங்க. ரேடியேட்டர் பக்கம் கழட்டும்போது ரெண்டு ஸ்பேனர்: ஒண்ணு பிடிச்சுக்க, ஒண்ணு திருப்ப. இல்லைன்னா ரேடியேட்டர் முனை முறுக்கிக்கிட்டுப் போயிடும். ஓ-ரிங், கிளிப் எல்லாம் புதுசு. ஹோஸ் சைலன்சர் பக்கமோ ஸ்டியரிங் பக்கமோ உரசக்கூடாது. ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் பிரஷர் முள்ளைப் பாருங்க. அணைச்சுட்டு ஆயில் அளவைப் பாருங்க. மறுநாள் திரும்பவும் அடியில பாருங்க.

சொந்தமா ரிப்பேர் பண்றதுல காசு மிச்சமாகும், சந்தோஷம். ஆனா அதுக்காக மட்டும் செய்யறவன்தான் கிளாம்ப்ல போய் நிக்கறான். எந்த நட்டு எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு தெரிஞ்சு ஓட்டறதுக்காக செய்யணும். அந்தப் பொறுப்பு வேணாம்னா முதல் கோஷ்டியிலயே சேர்ந்துக்குங்க, தப்பில்லை. அவங்களால அடுத்தவன் இன்ஜினாவது பிழைக்கும்.

டிஸ்கி: இறக்கின பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்தறவங்களுக்குன்னு மூணாவதா ஒரு கோஷ்டி இருக்கு. உதிரி பாகம் விக்கற கடைகள் பலதுலயே அதை சும்மா வாங்கிக்கறாங்க. அவங்களுக்குத் தனியா ஒரு நாள் இருக்கு கச்சேரி.