ஜாதகத்தோடு ஒரு ரத்த ரிப்போர்ட்!

காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால் முதல் கேள்வி, ''நீங்க எந்தக் கோயில்?'' இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என மொத்தம் ஒன்பது கோயில்கள். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. பெண் எடுக்க மாட்டார்கள். அருமையான ஏற்பாடுதான். ஆனா, தாய்மாமன் மகள் வேற கோயிலாச்சே! அவள் முறைப்பெண்.

நகரத்தார் மட்டுமில்லை ஃப்ரெண்ட்ஸ்... 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 28 பேர் சொந்தத்திலேயே கட்டிக்கொண்டவர்கள்.

இப்போ ஒரு கணக்கு. உங்களுக்கு ஆயா, மாமன் மகளுக்கு அப்பத்தா. ரெண்டு பேருக்கும் பொதுவான அந்த ஒரே பாட்டியிடம் பீட்டா தலசீமியா மரபணுப் பிழை ஒன்று இருந்தது என வைத்துக்கொள்வோம். அது உங்களிடம் வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அவளுக்கும் அப்படியே. இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தலசீமியா மேஜர் வர 25 சதவிகித வாய்ப்பு. வந்தால், மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே இதற்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தார்கள். ஆனால், பொருந்துகிற மஜ்ஜை எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

வம்பு என்னன்னா, பிழையைச் சுமக்கிறவர் ஜம்முனு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார். மிஞ்சிப்போனால், ''ரத்தம் கம்மி'' என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே துப்பு கிடைக்கும்: சிவப்பணுக்கள் சைஸில் சின்னதாக, எண்ணிக்கையில் தாராளமாக இருக்கும். அடுத்து ஹீமோகுளோபின் ஏ2 அளவு. 3.5 சதவிகிதத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

எந்த எழுத்தில் பிழை என்று பார்க்க டி.என்.ஏ. வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை... கோளாறு சிவப்பணுவில், அதில் உட்கருவே கிடையாது! அதனால் பக்கத்து வீட்டுக்காரரான வெள்ளையணுவிடமிருந்துதான் டி.என்.ஏ. எடுக்கிறார்கள். இந்தியாவில் அதிகம் சிக்குவது ஒரே ஒரு எழுத்து மாற்றம். 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'சி'. ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக், அவ்வளவுதான்!

இருவருக்கும் பிழை இருக்குன்னா கல்யாணத்தை நிறுத்தணுமா? அவசியமில்லை. கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட முடியும். ஆனால் முன்கூட்டியே தெரிந்தவர்கள்தானே அந்த டெஸ்ட்டுக்குப் போவார்கள்?

ஊசின்னா பயமா? முதலில் ஒருத்தர் கை நீட்டினால் போதும். அந்த ரிப்போர்ட் நார்மல் என்றால் அடுத்தவர் தப்பித்தார். யார் முதலில் என்று நீங்களே டாஸ் போட்டுக்கொள்ளுங்கள்!