மருந்து யாருக்கு?



"பூச்சி மருந்து" என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். நோயைத் தீர்ப்பது மருந்து. உயிரைப் போக்குவது நஞ்சு. அப்படியிருக்க, பூச்சியைக் கொல்லும் நஞ்சை மருந்து என்று அழைப்பது சரிதானா? இந்தக் கேள்வி எனக்கு ஒரு பூந்தொட்டியின் முன்னால்தான் எழுந்தது.

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று ஆர்க்கிட் செடிகள் இருக்கின்றன. டென்ட்ரோபியம் வகை. சென்ற கோடையில் ஒரு செடியின் இலைகள் மஞ்சளாகி வாடின. இலை தண்டோடு சேரும் இடுக்கில், பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன், போகவில்லை. உடனே கடைக்குப் போனேன்.

"எத்தனை ஏக்கர் சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மூன்று தொட்டி" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, பெரிய புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, காலியான குளிர்பானப் பாட்டில் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தார். அது என்ன நஞ்சு, எவ்வளவு வீரியம் உடையது என்று பாட்டிலில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது, பள்ளியிலிருந்து தாகத்தோடு வந்த என் மகள் அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். நல்லவேளையாக ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. "பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியைத் தொடாதீர்கள்" என்று ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்பவன் நான்!

இது வீண் அச்சம் அல்ல. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில், பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தடயவியல் சோதனையில் தெரியவந்தது. வயலுக்காகச் செய்யப்பட்ட நஞ்சு சமையலறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

மறுநாள் காலையில், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். கைலென்ஸை எடுத்துக்கொண்டு செடியின் முன் உட்கார்ந்தேன். பஞ்சு போலத் தெரிந்தது மாவுப்பூச்சிக் கூட்டம். முட்டை வடிவ உடல்; அதன்மேல் மாவு தூவினாற்போல் வெள்ளை மெழுகு. ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, அவை இருந்த இடத்திலேயே இருந்தன. எறும்புகள் தொட்டியின் விளிம்பில் சாரிசாரியாக ஏறி வந்தன. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரைக் குடிப்பதற்காகவே அவை வருகின்றன. அதற்குக் கைம்மாறு போல, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டியும் விடுகின்றன!

இப்போது ஒரு சொட்டு நீரை அப்பூச்சியின்மேல் விட்டேன். நீர் பரவவில்லை, முத்துப்போல் உருண்டு விழுந்தது. நான் முதலில் தெளித்த தண்ணீர் ஏன் பயன்படவில்லை என்பது விளங்கியது. நீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம். அறை வெப்பநிலையில் அது மீட்டருக்கு ஏறத்தாழ 0.072 நியூட்டன். மெழுகோ நீரை ஈர்ப்பதில்லை. ஆகவே நீர் திரண்டு உருள்கிறது, பூச்சி நனையாமல் தப்பிவிடுகிறது.

நீரில் சிறிது சோப்பைக் கரைத்தால் பரப்பு இழுவிசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும், மறுமுனை எண்ணெய், மெழுகு போன்றவற்றையும் நாடுகிறது. ஆகவே சோப்பு நீர் மெழுகின்மேல் பரவி உடலை நனைக்கிறது; சுவாசத் துளைகளை அடைக்கிறது; மென்மையான உயிரணுச் சவ்வுகளையும் சிதைக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் புரியக்கூடிய இயற்பியல்தான் இது!

நான் செய்தது இவ்வளவே. அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து விலக்கி வைத்தேன். மருத்துவமனைகளில் தோலைத் துடைக்கப் பயன்படும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, கண்ணுக்குத் தெரிந்த பூச்சிகளைத் துடைத்தெடுத்தேன். (ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது, அடுப்பின் அருகே கொண்டு போகாதீர்கள்.) பிறகு, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சோப்பைக் கலந்து, முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பார்த்தேன். மறுநாள் அந்த இலை கருகாமல் இருந்தது. அதன் பின்னரே செடி முழுவதும், இடுக்குகள் நனையும்படி, வெயில் இறங்கிய வேளையில் தெளித்தேன்.

சோப்பு நீர் தொட்ட பூச்சியைத்தான் கொல்லும். உலர்ந்தபின் அதற்கு ஆற்றல் இல்லை. முட்டைகள் தப்பிவிடும். ஆகவே வாரம் ஒரு முறையாக ஐந்து வாரம் இதையே செய்தேன். வேர்களிலும் பூச்சி ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், பழைய கரித்துண்டுகளையும் தேங்காய் மட்டையையும் நீக்கிவிட்டுப் புதியன இட்டேன். ஆறாம் வாரம் புதிய தளிர் விட்டது.

"இவ்வளவு நாள் யார் காத்திருப்பது? அந்தப் பாட்டிலைத் தெளித்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே!" என்று நீங்கள் கேட்கலாம். முடிந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நஞ்சில் தப்பும் சில பூச்சிகளின் வாரிசுகள் அதைத் தாங்கும் திறனோடு பிறந்து பெருகும். இதை முதன்முதலாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க அறிஞர் மெலாண்டர், ஆண்டு 1914. அவர் ஆராய்ந்தது, மாவுப்பூச்சியின் உறவினமாகிய ஒரு செதிள் பூச்சியை!

நம் மண்ணிலேயே இன்னொரு பாடம் உண்டு. 2008-ஆம் ஆண்டு கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பல பயிர்களை அது சூறையாடியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அதன் உடலுக்குள் முட்டையிடும் மிகச்சிறு குளவிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் இனமே பூச்சியை அடக்கியது. பூச்சியின் வாழ்க்கையைக் கவனித்து அறிந்தவர்களால் கிடைத்த வெற்றி இது. நஞ்சை வாரி இறைத்திருந்தால் அந்தக் குளவிகளும் அல்லவா மடிந்திருக்கும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா உழவர்களும் இன்றே பூச்சிக்கொல்லியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏக்கர் கணக்கில் பயிர் அழியும்போது அவர்களுடைய கணக்கு வேறு. "இயற்கையானது எல்லாம் தீங்கற்றது" என்றும் சொல்லவில்லை. புகையிலைக் கஷாயம் இயற்கையானதுதான். அதிலுள்ள நிகோட்டின் கடும் நஞ்சு. நான் கேட்பது இவ்வளவே: மூன்று தொட்டிகளுக்காக அத்தகைய நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா? முதலில் பார்ப்போம், பிறகு எண்ணுவோம், கைக்கெட்டும் எளிய வழியைச் செய்து பார்ப்போம். அறிவியல் என்பது இந்த வரிசைதான்.

அந்தக் குளிர்பானப் பாட்டிலை நான் சாக்கடையில் கொட்டவில்லை; கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். "என்ன சார், மருந்து வேண்டாமா?" என்றார். "நஞ்சு வேண்டாம்" என்றேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலோ, மாடிப்படியின் அடியிலோ, பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டில் ஏதேனும் இருக்கிறதா? இன்று மாலையே பாருங்கள். இருந்தால் நீங்கள் தொடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது "மருந்து" என்று சொல்லாமல் "நஞ்சு" என்றே சொல்லுங்கள். சொல் மாறினால், அதை எடுக்கும் கையும் சற்றுத் தயங்கும்.