கம்ப்யூட்டர் வந்தால் போதுமா? வாத்தியாருக்குப் பயிற்சி எங்கே?

மில் தொழிலாளியின் மகனும், நாற்று நடும் கூலிப் பெண்ணின் மகளும் கம்ப்யூட்டர் கற்க வேண்டும். இதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் கற்றுக் கொடுப்பது யார்?

தமிழ்நாட்டில் 2011-ல் இலவச லாப்டாப் திட்டம் வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தறியை வாங்கி வைத்துவிட்டால் துணி தானாக நெய்து கொள்ளுமா?

பக்கத்திலுள்ள கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கிற்று. ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கே பயிற்சி தந்தார்கள். அவர்களில் தேர்ந்தவர்கள் மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு பெரிய கம்பெனியின் சாப்ட்வேரை ஒட்டிப் பாடப்புத்தகம் வந்தபோது ஆசிரியர் சங்கத்தார் எதிர்த்தனர். பின்னர் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அதற்கு லைசென்ஸ் பணம் இல்லை. பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம். தாய்மொழியில் அமைத்துக் கொள்ளலாம். 2024 மே மாதம் சுமார் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியும் அங்கே தொடங்கிற்று.

அங்கும் குறை இல்லாமலில்லை. 2020 ஜூனில் பாடம் டெலிவிஷன் வழியே வந்தபோது, டெலிவிஷன் இல்லாத ஏழைப் பிள்ளைகள் தவித்தார்கள்.

பயிற்சி என்றால் பித்தானை அமுக்கக் கற்பதல்ல. மில்லில் ப்ளோரூம், கார்டிங், ஸ்பின்னிங் என்று வேலை வரிசையாக நடக்கிறது. வரிசை தவறினால் நூல் வராது. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவதும் அப்படித்தான். இதைத் தெரிந்த வாத்தியார் கரண்டு போன நாளிலும் காகிதத் துண்டுகளை வைத்தே பாடம் நடத்திவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. நாலு பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால், வீட்டில் அதைப் பழகிய பையன் முன்னால் உட்காருகிறான். சேரிப் பிள்ளையும் பெண் பிள்ளையும் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எல்லோர் கைக்கும் முறை வரச் செய்வது எப்படி என்பதும் பயிற்சியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஏற்றத்தாழ்வு புது மெஷினிலும் ஏறிக்கொள்ளும்!

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற நிரந்தர ஆசிரியர் வேண்டும். பயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்துடன், தமிழில் நடக்க வேண்டும். ஒருநாள் கூத்தாக முடியாமல் ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி காலியாக இருக்க வேண்டாம். போய் உட்காருங்கள், கேளுங்கள்: "எங்கள் வாத்தியாருக்குப் பயிற்சி எப்போது?"