இரண்டு பவுன் குண்டு

ஜவுளிக் கடையில் நாம் புடவை எடுக்கும்போது வீட்டு ஆண்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கால் மாற்றி நின்று, மின்விசிறியைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கடைசியில், "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏதாவது ஒன்றை எடேன்" என்பார்கள். அதே முகத்தோடு சென்ற வருஷம் அக்டோபர் மாதம் என் அக்கா ஒரு கடையில் நின்றாள். கடை இருந்தது அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்தில். விற்ற சரக்கு ரிவால்வர்!

அக்கா என்றால் பெரியம்மா பெண். அத்தானுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர் வேலை. இருபது வருஷமாயிற்று, இருவரும் குடியுரிமையும் வாங்கியாகிவிட்டது. அத்தானோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்கென்று லீவு போடுகிறவர்கள். இரண்டு வருஷம் அவர்களோடு போய்க் காட்டில், குளிரில், வெறுங்கையோடு உட்கார்ந்துவிட்டு வந்த அத்தானுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. வேட்டைப் பயிற்சி வகுப்புக்குப் போய், பரீட்சையில் தேறி, லைசென்ஸும் வாங்கிவிட்டார். நீளத் துப்பாக்கி வேண்டாம், ரிவால்வர்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. ரிவால்வர் என்றால் மானுக்குக் கிட்டத்தில் போயாக வேண்டும், அதுதான் சாமர்த்தியம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்கு வைத்துச் சுடுகிற கிளப்புக்கும் அதையே எடுத்துப் போகலாமாம். ஒரே செலவு, இரண்டு உபயோகம்!

எனக்கு வேட்டை பிடிக்காது. நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் ஜெயில். அங்கே கதை வேறு. மான்கள் பெருகிப் பயிரை மேய்கின்றன. இரவில் கார்களுக்குக் குறுக்கே பாய்ந்து ஆளையும் கொன்று தாமும் சாகின்றன. சர்க்காரே அநுமதிச் சீட்டு விற்கிறது. அக்கா இதில் எந்தக் கட்சியும் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வீட்டில் பன்னிரண்டு வயசுப் பையன் இருக்கிறான். முதலில் இரும்புப் பெட்டி வரட்டும், அப்புறம் துப்பாக்கி வரட்டும். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு." பெட்டி வந்து, சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்ட பிறகுதான் மூவரும் கடைக்குக் கிளம்பினோம்.

கடைக்காரர் மூன்று ரிவால்வர்களை எடுத்துக் கண்ணாடி மேஜையின்மேல் வைத்தார். 357, 44, 500. நூல் நம்பர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். துப்பாக்கிக் குழலின் வாய் அகலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் 44 பங்கு என்பது 44 காலிபர். (உண்மையில் அதன் குண்டை அளந்தால் 43 பங்குகூட முழுசாக இராது. படி அளக்கிற இடத்தில் அங்கேயும் தலை தட்டுகிறார்கள் போலிருக்கிறது!)

குண்டின் எடையை மட்டும் 'கிரெயின்' என்ற கணக்கில் சொன்னார். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஆதியில் தானிய மணியை வைத்து வந்த அளவு. நம் பாட்டிமார் தங்கத்தைக் குன்றிமணி போட்டு நிறுத்ததற்கு அண்ணன் தம்பி முறை. எனக்குப் பவுனில் சொன்னால்தானே புரியும்? அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 357-க்கு வழக்கமாகப் போடும் குண்டு சுமார் ஒன்றே கால் பவுன். 44-க்கு ஏறக்குறைய இரண்டு பவுன். 500-க்குக் கிட்டத்தட்ட மூன்று பவுனிலிருந்து மேலே போகிறது. 44 மாக்னம் ரிவால்வரிலிருந்து அந்த இரண்டு பவுன், வினாடிக்கு 1,300 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்படுகிறது.

மாக்னம் என்றால் என்ன? லத்தீனில் பெரியது என்று அர்த்தம். இரட்டிப்பு அளவுள்ள ஒயின் பாட்டிலுக்கும் அதுதான் பெயர். இந்த 44 மாக்னம் பிறந்த கதைக்கு ஒரு தொப்பிக்காரர் காரணம். ஐடஹோ மாகாணத்தில் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் என்பவர், தோட்டாவில் கம்பெனி போடுவதைவிட அதிகமாக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தார். 1925-ல் அவருடைய பழைய 45 காலிபர் ரிவால்வர் கையிலேயே வெடித்தது. மனிதர் அதோடு விட்டாரா? 44-க்கு மாறினார். தோட்டா கொஞ்சம் மெலிந்தது, ஆகவே அதைச் சுற்றியுள்ள இரும்புச் சுவர் கொஞ்சம் தடிப்பு, இன்னும் கெட்டிக்கலாம் என்பது அவர் நியாயம். முப்பது வருஷம் எழுதியும் பேசியும் நச்சரித்த பிறகு, 1955-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி துப்பாக்கியையும் ரெமிங்டன் கம்பெனி தோட்டாவையும் செய்து கொடுத்தன. 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைக் கையில் பிடித்ததும், அதுவரை வேட்டைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த சாமான் ஊரெல்லாம் தேடுகிற சாமானாகிவிட்டது. சினிமாவில் நடிகை கட்டிய புடவைக்கு நாம் அலைந்ததில்லையா?

500 இன்னும் புதிசு, 2003-ல் வந்தது. அத்தானுடைய கண் அதிலேயே இருந்தது. ஐந்து தோட்டாதான் கொள்ளும். நீளக் குழலோடு இரண்டு கிலோ எடை. அக்கா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மிக் குழவியை நீட்டிப் பிடித்தாற்போல் இருக்கிறதே" என்றாள்.

"பெரிசாக இருந்தால்தான் மான் சட்டென்று விழும். பாவம், அது அவஸ்தைப்படக் கூடாது பார்" என்றார் அத்தான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அப்படியே தோன்றியது.

நல்ல வேளையாகக் கடைக்காரர் உடனே பில் போடவில்லை. பின்கட்டில் சுடும் கூடம் இருக்கிறது, மூன்றையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள் என்றார். விஸிட்டர் விசாவில் போன நான் துப்பாக்கியைத் தொட அந்த நாட்டுச் சட்டம் லேசில் இடம் கொடாது. ஆகவே எனக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி. இருந்தும் காதுக் கவசம் இரண்டு அடுக்குப் போட்டுவிட்டார்கள். போட்டும், சத்தம் நெஞ்சுக் கூட்டில் இடித்தது.

கற்றுக் கொடுக்க வந்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி; பேரன் பேத்திகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறவர் என்றே நினைப்பீர்கள். 500-ல் ஐந்து துவாரமிருந்தும் ஒரே ஒரு தோட்டாதான் போட்டார். முதல் அதிர்ச்சியில் பிடி நழுவி விரல் மறுபடி விசையை இழுத்துவிட்டால் விபரீதமாம். அத்தான் சுட்டார். துப்பாக்கி எழும்பி நெற்றிக்கு நேரே வந்து நின்றது. "பிரமாதம்!" என்றார். கைமட்டும் நடுங்கிற்று. இரண்டாவது தோட்டா கேட்கவில்லை.

அடுத்தது 44. ஆறு துவாரம். இங்கேதான் அந்த அம்மாள் ஒரு தந்திரம் செய்தார். அத்தானைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, நாலு நல்ல தோட்டாவும் இரண்டு சுட்ட வெறுங்கூடுமாகக் கலந்து போட்டு, உருளையைச் சுழற்றிவிட்டுக் கொடுத்தார். எது எப்போது வரும் என்று தெரியாது. முதலாவது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது 'டிக்' என்றது. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் குழல், வெடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, முழத்துக்குத் தரையைப் பார்த்துக் குனிந்தது! உதை வரப்போகிறதென்று கை முன்கூட்டியே பயந்து அமுக்கியிருக்கிறது. அத்தானின் காது சிவந்ததை நான் கண்ணாடி வழியாகவே பார்த்தேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "மானுக்கு 44 என்றும் 500 என்றும் தெரியாது. குண்டு எங்கே பட்டது என்பது மட்டும் தெரியும்" என்றார். பிறகு தம் கதையைச் சொன்னார். சின்ன வயதில், கைக்கு அடங்காத துப்பாக்கியால் சுட்டு, மார்பில் படவேண்டிய குண்டு வயிற்றில் பட்டுவிட்டதாம். மான் ஓடிவிட்டது. இரவெல்லாம் லாந்தரை வைத்துக்கொண்டு ரத்தத் துளிகளைத் தேடிப் போய், மறுநாள் மத்தியானம் ஓர் ஓடைக்கரையில் கண்டுபிடித்தபோது அதற்கு இன்னும் உயிர் இருந்ததாம். இதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அத்தான் 500-ஐத் திரும்பிப் பார்க்கவில்லை. 357 போதாதா என்று நான் கேட்டேன். ஒஹையோவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாட 357 காலிபருக்குக் குறையக் கூடாது, குழல் ஐந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று விதி. ஆக அது சட்டத்துக்குப் போதும். ஆனால் கடைசிப் படி அதுதான், தப்புக்கு இடமே கிடையாது. 44-க்கு வேறொரு சௌகரியம் இருந்தது. 1907 முதல் இருந்துவரும் 44 ஸ்பெஷல் என்ற சாதுவான தோட்டாவும் அதே துப்பாக்கியில் போகும். குண்டு ஏறக்குறைய அதே எடைதான். வேகம் மாக்னத்தில் பாதியைச் சற்றே மிஞ்சும். உதையும் அதற்குத் தக்கபடி. பழகுவதற்கு ஸ்பெஷல், காட்டுக்கு மாக்னம். மாற்றிப் போட்டால் குண்டு விழும் உயரம் மாறும். அதனால் குறிக்கண்ணைத் திருகி ஏற்றி இறக்கும்படியான மாதிரிதான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. எடை குறைந்த துப்பாக்கி தூக்கச் சுகம், ஆனால் அதிகமாக உதைக்கும். இரும்பின் கனம்தான் உதையை விழுங்குகிறது. ஏழரை அங்குலக் குழலும், ஒன்றே கால் கிலோவுக்கு மேல் எடையும், ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுடுகிற பழைய தினுசுமாக ஒன்று கடைசியில் முடிவாயிற்று. கையில் உருண்டு எழும்புகிற மாதிரி பிடி வளைந்திருப்பதால் உள்ளங்கையில் இடி குறைவாம். அவசரமாக ஆறும் சுட முடியாது. "அவசரம் எதற்கு?" என்றார் அந்த அம்மாள்.

பில் போடுமுன் அக்காவையும் சுட்டுப் பார்க்கச் சொன்னார்கள். "எனக்கெதற்கு?" என்று சொல்லிக்கொண்டே போனவள், ஸ்பெஷல் தோட்டா ஆறில் ஐந்தைக் காகிதத் தட்டுக்குள் வைத்துவிட்டாள். வெறுங்கூடு வந்தபோது குழல் அசையவே இல்லை. இருபது வருஷமாகக் கொதிக்கும் எண்ணெய்க்கு எதிரே நின்று முறுக்குப் பிழிந்த கை அல்லவா!

கிளப்பில் நடப்பது வெறும் காகிதத் தட்டு விளையாட்டும் அல்ல. இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்களைச் சுட்டுச் சாய்ப்பார்கள். மெக்ஸிகோவிலிருந்து வந்த ஆட்டம். கைத்துப்பாக்கிக்காரர்கள் 1976-ல் இதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். 50 மீட்டரில் கோழி, 100-ல் பன்றி, 150-ல் வான்கோழி, 200-ல் ஆட்டுக்கடா. பட்டால் போதாது, சாய வேண்டும். அந்தக் கடாவைச் சாய்க்கத்தான் இலக்குச் சுடுகிறவர்களுக்கும் பெரிய காலிபர் வேண்டியிருக்கிறது.

நான் ஊர் திரும்பிய பிறகு, டிசம்பர் முதல் வாரம் அக்கா டெலிபோன் செய்தாள். அத்தான் மாதம் முழுவதும் பழகியிருக்கிறார். 50 கஜத்தில் ஆறும் தட்டுக்குள். 75 கஜத்தில் நாலுதான். ஆகவே 50 கஜம் என்று தமக்குத் தாமே கோடு போட்டுக்கொண்டு, சட்டப்படி ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு போய் விடியற்காலையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். கொம்பு வைத்த மான் ஒன்று வந்து 80 கஜத்தில் நின்றதாம். குதிரையை இழுத்து வைத்துக் காத்திருந்தாராம். அது கால் மணி நேரம் மேய்ந்துவிட்டுப் பக்கவாட்டில் நடந்து போய்விட்டது. அத்தான் குதிரையை மெள்ள இறக்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, சூடாக ரஸம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

"ஏமாற்றமாக இருந்ததா அவருக்கு?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும். சொல்லவில்லை. ஒன்றுமே பேசாமல் ஒரு மணி நேரம் துப்பாக்கியைத் துடைத்தார். நான் பெட்டியைப் பூட்டினேன்" என்றாள் அக்கா. பிறகு கொஞ்சம் தயங்கி, "நானும் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஐந்து கோழியில் மூன்றைச் சாய்த்துவிட்டேன்" என்றாள்.

ஆட்டுக்கடா இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறதாம்.