வருவோம், போவோம்: பிரெஞ்சின் முற்றா இறந்தகாலமும் நம் எதிர்காலமும்

குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். தேக்கடியிலிருந்து சுரங்கவழி வரும் பெரியாற்று நீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்களை நோக்கிப் புறப்படுகிற இடம். நண்பர்கள் சிலராகச் சேர்ந்து இப்பகுதி முதியவர்களின் நினைவுகளை எழுத்தில் பதியத் தொடங்கியபோது, முதலில் போய் உட்கார்ந்தது மின்நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில்தான். எழுபதுகளைப் பற்றி அவர் சொன்னது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ராத்திரி ஷிப்டு முடிஞ்சு இறங்குவோம் தம்பி. நானும் அவனும் நேரா ஆத்துக்குப் போவோம். தண்ணி ஐஸா இருக்கும். குளிச்சிட்டு வந்து டீக்கடையில உக்காருவோம். ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போற பொம்பளையாளுக மேல ஏறிப் போவாக. அவன் ஏதாவது பாடுவான். ஒருநாள் அவன் வரலை. அதுக்கப்புறம் நான் ஆத்துப் பக்கம் போகலை."

இதை நாங்கள் 'செம்மைப்படுத்தி' எழுதினோம். இரவுப்பணி முடித்து இறங்கினோம், ஆற்றுக்குச் சென்றோம், நீர் குளிர்ந்திருந்தது, தேநீர்க்கடையில் அமர்ந்தோம், அவன் பாடினான், ஒருநாள் அவன் வரவில்லை. நடந்து முடிந்தவற்றை எதிர்காலத்தில் எழுதலாமா என்ற பள்ளிக்கூடத்துத் தயக்கம்தான் காரணம். அச்சுப்படியைப் பெரியவரிடம் படித்துக்காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "என்னமோ ஒரே ஒருநாள் நடந்த மாதிரி இருக்கே தம்பி" என்றார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பிக்கும் நண்பர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அந்தப் படியைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "பெரியவர் சுத்தமான 'அம்பர்ஃபே'யில் பேசியிருக்கிறார். நீங்கள் அதைக் கொன்றுவிட்டீர்கள்." இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளைத்தது.

'அம்பர்ஃபே' என்பது பிரெஞ்சு வினைகளின் இறந்தகால வடிவங்களுள் ஒன்று. சொல்லுக்கு நேர்ப்பொருள் 'முற்றுப்பெறாதது'. வினைமுற்று, எச்சம் என்று பிரித்துப் பழகிய நமக்கு 'முற்றா இறந்தகாலம்' என்ற பெயர் அந்நியமாக இராது. நிகழ்ச்சிக்குத் தொடக்கமும் முடிவும் இல்லையென்று இதற்குப் பொருளில்லை. பேசுகிறவர் அந்த விளிம்புகளைப் பார்க்காமல் நிகழ்ச்சிக்கு உள்ளே நின்று பேசுகிறார், அவ்வளவே. வழக்கமாக நடந்தது, நெடுநேரம் நடந்துகொண்டிருந்தது, அப்போதைய நிலை, வர்ணனை எல்லாம் இதற்குள் அடங்கும். ஒருமுறை நடந்து முடிந்ததைச் சொல்லப் பிரெஞ்சில் வேறு வடிவங்கள் இருக்கின்றன. பேச்சில் 'பஸே கொம்போஸே', எழுத்துக் கதைசொல்லலில் 'பஸே ஸாம்ப்ள்'.

இதை ஆக்கும் முறை வியக்கத்தக்க அளவு எளிமையானது. நிகழ்காலத்தின் 'நாங்கள்' வடிவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். 'பேசுகிறோம்' என்பதற்கு 'நூ பார்லோன்'. இறுதியிலுள்ள 'ஓன்' விகுதியை நீக்கினால் எஞ்சுவது அடி. அதில் முற்றா இறந்தகால விகுதிகளைச் சேர்த்தால் முடிந்தது: 'ஜெ பார்லே', நான் பேசுவேன், அதாவது அந்நாட்களில். 'முடிக்கிறோம்' என்பதற்கு 'நூ ஃபினிஸோன்'. ஆகவே 'ஜெ ஃபினிஸே'. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்குமான விகுதிகள் எழுத்தில் மூன்று விதமாக இருந்தாலும் காதுக்கு எல்லாம் ஒரே 'ஏ' தான். நாங்கள் என்றால் 'இயோன்', நீங்கள் என்றால் 'இயே'. முரண்டு பிடிக்கும் வினை ஒன்றே ஒன்று, 'இரு' என்னும் பொருளுடைய 'எத்ர்'. அதற்கு மட்டும் 'எத்' என்ற அடியை மனப்பாடம் செய்தாக வேண்டும். பிரெஞ்சு வினைகளின் ஒழுங்கின்மையைக் கண்டு ஓடியவர்கள்கூட இந்த ஒரு காலத்தை ஒரே மாலையில் கற்றுவிடலாம். 'நான்' என்று நினைவுகூர்வதற்கும் 'நாங்கள்' வழியாகவே போக வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. இலக்கணத்தில் இதற்கு உட்பொருள் தேடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், தெரிகிறது.

ஆக்குவது எளிது, பயன்படுத்துவதில்தான் இடறுகிறோம். தமிழகத்தில் மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகள் ஏராளம். அவர்களில் பலர் இக்காலத்தை ஆங்கிலத்தின் வழியே, 'வாஸ்' போட்டு 'இங்' சேர்க்கும் வடிவம் என்று கற்கிறார்கள். அங்கிருந்து தமிழுக்கு வரும்போது எல்லாம் 'கொண்டிருந்தான்' ஆகிவிடுகிறது. அவன் ஒவ்வொரு ஞாயிறும் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான், தாத்தா தினமும் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பு நூல்கள் பலவற்றில் இந்தக் 'கொண்டிருந்த' வரிசை பக்கம் பக்கமாக ஊர்ந்து செல்வதை நம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள்.

எங்கள் வாதம் இதுதான்: வழக்கத்தைச் சொல்லும் முற்றா இறந்தகாலத்துக்கு நிகரான வடிவம் தமிழில் எப்போதோ இருக்கிறது. நாம் எதிர்காலம் என்று பெயர் சூட்டி ஒதுக்கிவைத்திருக்கும் வடிவமே அது. 'அப்போதெல்லாம்' என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் போதும். போவார், வருவார், சிரிப்பார் எல்லாம் இறந்தகாலமாகிவிடும். வர்ணனைக்கும் இது செல்லும்: "அவர் வீட்டு முற்றத்தில் ஒரு வேம்பு இருக்கும்." வேம்பும் இன்றில்லை, வீடும் இன்றில்லை, கேட்பவர் எவரும் குழம்புவதில்லை.

இது பேச்சுவழக்கின் சலுகை, எழுத்துக்கு ஆகாது என்று சொல்வோர்க்கு நன்னூலை நினைவூட்ட வேண்டும். காலம் பிறழ்ந்து வருவதைப் பவணந்தி முனிவர் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களின்கீழ் ஏற்றுக்கொள்கிறார். இயல்பு என்பதற்கு உரைகளில் வரும் எடுத்துக்காட்டு, முன்பு தாங்கள் விளையாடிய சோலையைச் சுட்டி, 'விளையாடுவது' என்று எதிர்கால வடிவில் சிலர் சொல்வது. லோயர் கேம்ப் பெரியவர் ஆற்றைக் காட்டிச் சொன்னதும் அதேதான். மரபு அதை வழுவமைதி என்று வகைப்படுத்தியது, ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. பிழையே இல்லை, தனியொரு காலநோக்கு என்று இன்று நாம் சொல்லலாம் என்பது எங்கள் துணிபு.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த வடிவத்தைக் கலையாகவே வளர்த்தார்கள். ஃப்ளோபேரின் நடையைப் பற்றி மார்செல் ப்ரூஸ்ட் 1920இல் எழுதிய கட்டுரையில் அவருடைய முற்றா இறந்தகாலப் பயன்பாட்டைத் தனியே எடுத்துப் பாராட்டினார். மறுபுறம், 1942இல் வெளிவந்து தமிழில் வெ. ஸ்ரீராமால் 'அந்நியன்' ஆன காம்யுவின் நாவல், பெரும்பாலும் 'பஸே கொம்போஸே'யில் நகர்வது. அங்கே வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதைச் சார்த்ர் 1943இலேயே கவனித்து எழுதினார். காம்யு அதைத் தெரிந்தே செய்தார். நாங்களோ தெரியாமலே எங்கள் பெரியவரை ஒரு மெர்சோவாக்கி வைத்திருந்தோம்.

எல்லா இடத்திலும் 'வருவான், போவான்' பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. "மழை பெய்துகொண்டிருந்தது, அப்போது கதவு தட்டப்பட்டது" என்ற இடத்தில் பிரெஞ்சு முற்றா இறந்தகாலத்துக்குக் 'கொண்டிருந்தது' தவிர வேறு கதியில்லை. 'போவதுண்டு', 'போவது வழக்கம்' என்பனவும் நல்ல தமிழே. ஆனால் ஐந்து வாக்கியங்களில் ஐந்து முறை வந்தால் அலுவலகக் கடிதம் போலாகிவிடும். பிரெஞ்சில் ஒரு வடிவம் செய்யும் வேலையைத் தமிழ் இரண்டு மூன்றாகப் பங்கிட்டிருக்கிறது. எது எங்கே என்று தீர்மானிப்பது மொழிபெயர்ப்பாளரின் காது.

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2013இல் திறக்கப்பட்டது. முல்லைப் பெரியாறு அணையின் கதையை நாம் சொல்லும் விதமெல்லாம் முற்றிய இறந்தகாலம்: 1887இல் தொடங்கினார், வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினார், 1895இல் முடித்தார். அந்த மனிதருக்கு அது பொருத்தம்தான். காட்டில் கல் சுமந்தவர்களுக்கும் காய்ச்சலில் மடிந்தவர்களுக்கும் அந்த வடிவம் போதாது. விடியுமுன் எழுந்திருப்பார்கள், சுண்ணாம்பு அரைப்பார்கள், மழையில் நடுங்குவார்கள் என்று எழுதினால்தான் எட்டு ஆண்டுகளின் நீளம் வாக்கியத்துக்குள் வரும். இப்பள்ளத்தாக்கின் நினைவுகளைத் தொகுக்கும் நண்பர்கள் எங்களைப் போலவே அவற்றைத் 'திருத்தி' வருவதைக் காண்கிறோம். சொன்னவர்களின் காலத்தை மாற்றாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் படியை மறுபடி எழுதினோம். இறங்குவோம், போவோம், குளிர்ந்திருக்கும், அமர்வோம், பாடுவான். இத்தனை 'வோம்'களுக்கும் 'வான்'களுக்கும் பிறகு, ஒருநாள் அவன் வரவில்லை. முதல் படியில் இந்த வாக்கியம் மற்றவற்றோடு கலந்து கிடந்தது. அது வேறொரு காலத்தில் சொல்லப்பட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. புதிய படியைப் படித்தபோது பெரியவர் அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். சற்று நேரம் கழித்து, "டீ குடிக்கிறீகளா" என்று கேட்டுவிட்டு உள்ளே எழுந்து போனார்.