மகளிர் முற்றம்: அடுக்களைக்கு வெளியே நான்கு நாள்

சென்ற கார்த்திகைக் கடைசியில் நம் சங்கத்து மகளிர் 14 பேர் அமிர்தசரசுக்குச் சென்று வந்த செய்தியை, 'சங்கச் செய்திகள்' பகுதியில் அன்பர்கள் படித்திருப்பார்கள். இரண்டே வரிச் செய்தி அது. அதைப் படித்த பெரியவர் ஒருவர், "சாப்பிடுவதற்காகவா இரயிலேறிப் போனீர்கள்?" என்று நம்மைக் கேட்டார். கேட்டவர் நல்லவர், ஏளனமாகக் கேட்கவில்லை. காசி யாத்திரை என்றால் அவருக்கு விளங்கும். மகளின் பேறுகாலத்துக்குப் போகிறோம் என்றாலும் விளங்கும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள், கணவரும் மக்களும் உடன் வாராமல், ஓர் ஊரின் உணவை உண்டு அறிவதற்கென்றே புறப்பட்டுப் போவதுதான் அவருக்கு விளங்கவில்லை. அவருக்குரிய விடையை இத்திங்கள் முற்றத்தில் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறோம்.

அமிர்தசரசைத் தேர்ந்தது ஏன் என்பதை முதலில் கூற வேண்டும். நம்மில் பலர் மணமாகித் தில்லிக்கு வந்து கரோல்பாக்கில் குடித்தனம் தொடங்கியவர்கள். அங்கே நம் அண்டை வீட்டார் பெரும்பாலும் 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபை விட்டு வந்த குடும்பத்தினர். மொழி தெரியாத நமக்கு முதன்முதல் பேச்சுத் துணையாக வந்தது அவர்கள் வீட்டுக் கிண்ணந்தான். இங்கிருந்து இட்டலி போகும். அங்கிருந்து கடுகுக்கீரை மசியல் வரும். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பலாகாது என்பது இரு வீட்டாருக்கும் பொதுவான வழக்கமாக இருந்தது. இவ்வாறு முப்பது ஆண்டுகள் அவர்கள் உணவை உண்டும், அது பிறந்த மண்ணை நாம் மிதித்ததில்லை. அடுத்த வீட்டுக்காரியின் பிறந்தகத்தை ஒருமுறையேனும் பார்த்து வருவோம் என்ற எண்ணமே இந்தப் பயணத்துக்கு வித்து.

முதலில் ஒரு பயண முகவரை அணுகினோம். அவர் காட்டிய நிரலில் உணவைவிடத் துணிக்கடைகளே மிகுதியாக இருந்தன. ஆகவே நாமே திட்டம் வகுத்தோம். மாதம் 1,000 ரூபாய் வீதம் எட்டு மாதங்கள் சேர்த்தோம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததும் உண்டு. தையலிலும் தனிப்பயிற்சி வகுப்பிலும் ஈட்டியதும் உண்டு. யாரும் யாரிடமும் கை நீட்டவில்லை.

பணம் சேர்ந்த பிறகுதான் உண்மையான தடை தலைகாட்டியது. புறப்படுவதற்கு மூன்று நாள் இருக்கையில் ஓர் அம்மையார் வந்து, "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றார். வயது ஐம்பத்தெட்டு. காரணம் கேட்டோம். வீட்டில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. "தாராளமாகப் போய் வா" என்றே சொன்னார்களாம். ஆனால் நான்கு நாளைக்கு மாவரைத்து, இரண்டு வகைக் குழம்பு வைத்து, புளிக்காய்ச்சல் கிண்டி, டப்பாக்களில் பெயர் எழுதி அடுக்கி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும் போலிருக்கிறது. இதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றார். அவரை எப்படியோ இணங்க வைத்தோம். ஆயினும் அவரைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. அன்றிரவு நாமும் நம் வீட்டுக் குளிர்பெட்டியை நிரப்பிக்கொண்டுதான் இருந்தோம்.

தில்லியிலிருந்து அமிர்தசரசு ஏறத்தாழ 450 கிலோமீட்டர். சதாப்தி விரைவு வண்டியில் காலையில் ஏறினால் ஆறு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அந்த ஆறு மணி நேரமும் கைப்பேசிகள் ஓயவில்லை. "பெருங்காயம் எங்கே?", "குக்கருக்கு எத்தனை விசில்?", "நீலமூடி டப்பாவில் இருப்பது உப்பா, சர்க்கரையா?" என்று பதினான்கு அடுக்களைகளும் வண்டியோடு கூடவே ஓடி வந்தன. லூதியானாவைத் தாண்டியதும் ஒருவர் தம் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக அவ்வாறே செய்தார்கள். நம் சுற்றுலா உண்மையில் தொடங்கியது அப்போதுதான்.

முதல் நாள் குல்சா உண்டோம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொத்தமல்லி விதையும் பொதிந்த மாவைத் தட்டித் தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். எடுத்ததும் வெண்ணெய் தடவி, உள்ளங்கையால் நொறுக்கி, கொண்டைக்கடலைக் குழம்பும் புளிச்சட்டினியும் சேர்த்துத் தருகிறார்கள். அடுப்பைச் சூழ்ந்து நின்று பார்த்த நமக்கு அக்கடையிலிருந்த மூதாட்டி ஒரு செய்தி சொன்னார். பஞ்சாபின் சிற்றூர்களில் 'சாஞ்சா சூல்ஹா' எனப்படும் பொது அடுப்பு உண்டாம். மாலையில் பெண்கள் அவரவர் பிசைந்த மாவை எடுத்துக்கொண்டு அங்கே கூடுவார்கள்; ரொட்டி வேகும் நேரம் பேச்சும் வேகும். நம் ஊர்க் கிணற்றடியின் இடத்தில் அவர்களுக்கு அடுப்பு இருந்திருக்கிறது.

மறுநாள் அப்பளமும் வடியும் விற்கும் கடைத்தெருவுக்குப் போனோம். வடி என்பது நம் வடகத்துக்கு உடன்பிறப்பு. உளுந்தை ஊறவைத்து அரைத்து, மிளகு, சீரகம், தனியா, பெருங்காயம் முதலியன சேர்த்து, உருண்டையாகக் கிள்ளி வெயிலில் உலர்த்துகிறார்கள். சின்ன எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கிறது ஒவ்வொன்றும். நாம் வடகத்தைப் பொரித்துத் தொட்டுக்கொள்வோம்; வெங்காய வடகமானால் தாளித்துக் குழம்பில் இடுவோம். அவர்களோ வடியை உடைத்து எண்ணெயில் வறுத்து, உருளைக்கிழங்கோடு கொதிக்கவிட்டுக் குழம்பாகவே ஆக்கிவிடுகிறார்கள். தஞ்சை மாவட்டத்து அம்மையார் ஒருவர் ஒன்றை முகர்ந்து பார்த்து, "இது நம் மொட்டைமாடி மணம்" என்றார். கடைக்காரர் அவர் சொன்னதன் பொருள் கேட்டறிந்து, மேலும் நான்கு வடிகளைப் பொட்டலத்தில் போட்டார். கீரை விளையாத மாதங்களுக்கென வெயிலைச் சேமித்து வைக்கும் அறிவு எல்லா ஊர்ப் பெண்களுக்கும் இருந்திருக்கிறது. அதை எழுதி வைத்தவர்கள்தாம் குறைவு.

அன்று இரவு உணவு கேசர் தா தாபாவில். 1916-இல் இப்போது பாகிஸ்தானிலுள்ள ஷேக்குபுராவில் தொடங்கப்பெற்ற கடை. பிரிவினைக்குப் பின் அமிர்தசரசின் குறுகிய சந்து ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே முழு உளுந்துப் பருப்பை இரவு முழுவதும் மெல்லிய தீயில் வேகவிடுகிறார்கள். விசில் எண்ணிச் சமைக்கும் நமக்கு அந்தப் பொறுமை புதிது.

நகரமன்றக் கட்டடத்தில் 2017-இல் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகத்தையும் கண்டோம். உணவுப் பயணத்தில் அதற்கென்ன இடம் என்று கேட்கத் தோன்றும். அங்கே பூவேலை செய்த மேற்சட்டை ஒன்றும், தோற்பெட்டி ஒன்றும் இருக்கின்றன. மணம் பேசி முடித்திருந்த இருவர் கலவரத்தில் தனித்தனியே தப்பி வந்தபோது கொணர்ந்தவை அவை. பின்னர் அகதிகள் முகாமில், உணவுக்காக நின்ற வரிசையில், இருவரும் ஒருவரையொருவர் கண்டார்களாம். அதைப் பார்த்து நின்றபோது, கரோல்பாக்கில் கிண்ணத்தோடு வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி, தம் பழைய ஊரைப்பற்றி ஏன் ஒருநாளும் பேசியதில்லை என்பது நமக்கு ஒருவாறு புரிந்தது. அவர் ஊரைப்பற்றிப் பேசவில்லை, சமைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் முழுவதையும் பொற்கோயிலுக்கென ஒதுக்கியிருந்தோம். காலணி களைந்து, கால் கழுவி, தலையை மூடிக்கொண்டு, குளிர்ந்த பளிங்குத் தரையில் நடந்தோம். கோயிலில் கையில் வைத்த கடாஹ் பிரசாதம் நெய் வழிய இருந்தது. கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. மாவை நெய்யில் வறுத்துக் கிண்டுவது அவர்கள் முறை. கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்துக் கிண்டுவது திருநெல்வேலி முறை. நம்முடன் வந்த திருநெல்வேலி அம்மையார் இதைக் குளக்கரையில் அமர்ந்து விளக்கியபோது, அருகிலிருந்த பஞ்சாபிப் பெண்கள் நால்வர் மெள்ள நகர்ந்து வந்து கேட்கலானார்கள். அவர் அறிந்த இந்தி அரைகுறைதான். கைகள் மீதியைச் சொல்லின.

பின்னர் லங்கர் என்னும் பொது உணவுக்கூடம். குரு நானக் தொடங்கிய மரபு இது. இரண்டாம் குரு அங்கத்தின் துணைவியார் மாதா கீவி அதைப் பேணி வளர்த்தவர். அவர் அளித்த நெய்ப்பாயசம் சீக்கியரின் திருமறையிலேயே பாராட்டப் பெற்றிருக்கிறது. தம்மைக் காண வருபவர் எவராயினும் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று மூன்றாம் குரு அமர்தாஸ் விதித்தார். அக்பர் சக்கரவர்த்தியும் அவ்வாறு அமர்ந்தார் என்பது அவர்களின் மரபுச் செய்தி. இன்று நாள்தோறும் 50,000 பேருக்குக் குறையாமல் இங்கே உண்கிறார்கள். சைவ உணவு; கட்டணம் இல்லை; இரவும் பகலும் அடுப்பு அணைவதில்லை.

நீண்ட பாய்களில் வரிசையாக அமர்ந்தோம். முழங்கால் வலியுள்ள இருவருக்குத் தொண்டர் ஒருவர் சாய்ந்துகொள்ளச் சுவரோரம் இடம் காட்டினார். தட்டுகளில் பருப்பும் கறியும் பாயசமும் வந்தன. ரொட்டியை மட்டும் தட்டில் போடுவதில்லை. இரு கைகளையும் ஏந்திப் பெற வேண்டும். வரமாட்டேன் என்று பெயரை எடுக்கச் சொன்ன அந்த அம்மையார் நமக்கு அருகில் அமர்ந்திருந்தார். தொண்டர் இரண்டாம் முறை வந்து, "பெஹன்ஜி, இன்னும் ஒன்று?" என்று கேட்டார். அம்மையார் விடை கூறாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு நம் பக்கம் திரும்பி, "முப்பத்தைந்து வருஷமாக 'இன்னொன்று போடட்டுமா' என்று கேட்டவள் நான். என்னை யாராவது கேட்டால் என்ன சொல்லுவதென்று தெரியவில்லை" என்றார்.

சகோதரிகள் இதை விளக்கமின்றியே உணர்வார்கள். தோசை வார்ப்பவள் கடைசியில்தான் உண்கிறாள். கடைசித் தோசை எப்போதும் ஆறித்தான் இருக்கிறது. இதில் கொடுமைக்காரர் ஒருவருமில்லை. எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

உண்டு முடித்தபின் நாமும் தொண்டில் சேர்ந்தோம். சிலர் பூண்டு உரித்தார்கள். சிலர் ரொட்டி இட்டார்கள். எத்தனை ஆண்டு இட்ட கைகளானாலும், பிறர் இல்லத்து மாவில் வட்டம் கோணத்தான் செய்தது. நாம் வியந்தது அங்கே வேலை செய்த ஆண்களைக் கண்டுதான். நரைத்த தாடியுடைய பெரியவர்கள் வெங்காயம் நறுக்கினார்கள். கல்லூரி மாணவர்கள் எச்சில் தட்டுகளைத் தேய்த்தார்கள். கடை முதலாளி போலத் தோன்றியவர் ஒருவர் தொட்டியருகே முழங்கை நனைய நின்றார். தட்டுகள் மோதும் ஓசை கூடமெங்கும் இடைவிடாது ஒலித்தது. சமைப்பதும் கழுவுவதும் அங்கே எவருக்கும் தாழ்வாக இல்லை. கோயிலில் தொண்டாகக் கருதப்படும் அதே வேலை, வீட்டுக்குள் வந்ததும் ஒருத்தியின் தலையெழுத்தாக மாறிவிடுவது ஏன்? திரும்பும் வண்டியில் இதைப்பற்றி நெடுநேரம் பேசினோம். இதுவே பெரியவரின் கேள்விக்கு நம் விடையுமாகும். சாப்பிடுவதற்காகத்தான் போனோம். பிறர் பரிமாற உண்டால்தான், நாம் நாள்தோறும் பரிமாறுவது எத்துணைப் பெரிய கொடை என்பது நமக்கே தெரிகிறது.

இத்தகைய பயணம் மேற்கொள்ள விழையும் பிற நகரத்துச் சங்கங்களுக்குச் சில சொற்கள். குழு பன்னிரண்டு முதல் பதினைந்து பேருக்கு மேற்படாதிருத்தல் நலம். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை ஒன்றுக்கு இரண்டு பைகளில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் மிகுந்த உணவை இருவருக்கு ஒரு தட்டாகப் பகிர்ந்துகொண்டால் நாவும் மகிழும், வயிறும் வருந்தாது. ஒரு நாளைக்குப் புதிய உணவு இரண்டு போதும். பிற்பகலில் ஒரு மணி நேரம் படுத்திருக்க நேரம் ஒதுக்குவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

நான்காம் நாள் இரவு வீடு திரும்பினோம். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தால், நாம் இடுப்பொடிய நிரப்பி வைத்த டப்பாக்களில் பாதி அப்படியே இருந்தன. இரண்டாம் நாளே அவை அலுத்துப்போய், வீட்டிலிருந்தவர்கள் தாமே ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார்களாம். கைகால் கழுவி வந்ததும், "உட்கார்" என்றார்கள். ரசம் நீர்த்திருந்தது, உப்பும் சற்றுக் குறைவு. ஆனால் சூடாக இருந்தது. "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார்கள். இம்முறை விடை சொல்ல நமக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பயணம் மாசித் திங்களில். ஊரை இன்னும் முடிவு செய்யவில்லை. சகோதரிகள் தம் விருப்பத்தை எழுதலாம். விதி ஒன்றே ஒன்று புதிதாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் கொடுப்பவர், அந்த நான்கு நாளும் தம் இல்லத்தில் சமைக்கப் போகிறவரின் பெயரையும் உடன் எழுதித் தருதல் வேண்டும்.