எதிர்ப்பதற்கும் வரம்பு உண்டு!

  

"அந்நியன் படையோடு வந்து நாட்டைப் பிடிக்கிறான். பெண்களையும் பிள்ளைகளையும் கொல்கிறான். அவனை எதிர்ப்பவன் மட்டும் வரம்பு பார்க்க வேண்டுமா?" பயான் முடிந்ததும் இளைஞர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. உங்கள் கோபம் நியாயமானது. பதிலை அல்ஜீரிய மண்ணில் தேடுவோம்.

1830-ல் பிரான்ஸ் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. 1832-ல் மஸ்கரா பகுதிக் கோத்திரங்கள் 24 வயது இளைஞர் ஒருவரிடம் பைஅத் செய்தன. மார்க்கக் கல்வியில் தேர்ந்த அவர்தான் அமீர் அப்துல் காதிர். 15 ஆண்டுகள் ஒரு வல்லரசை எதிர்த்து நின்றார்.

பிரெஞ்சுப் படை என்ன செய்தது? விளைந்த பயிரைக் கொளுத்தியது. ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றது. 1845 ஜூனில் தஹ்ரா மலைக் குகைக்குள் மக்கள் அடைக்கலம் புகுந்தபோது, அதன் வாயிலில் தீ மூட்டியது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். நாகரிகம் கற்பிக்க வந்ததாகச் சொன்னவர்களின் லட்சணம் இது!

அமீர் என்ன செய்தார்? கைதிகளைக் கொல்லத் தடை விதித்தார். எதிரியை உயிரோடு பிடித்து வருபவருக்குப் பரிசு அறிவித்தார். 1841-ல் அல்ஜியர்ஸ் நகரின் கிறிஸ்தவ ஆயரோடு பேசிக் கைதிகளைப் பரிமாறிக் கொண்டார். உணவு கொடுக்க வழியில்லாதபோது கைதிகளை விடுதலையே செய்தார்.

ஒன்றை நாம் மறைக்க வேண்டாம். 1846-ல் அமீர் வேறிடத்தில் இருந்தபோது, அவருடைய முகாமில் பிரெஞ்சுக் கைதிகள் பலர் கொல்லப்பட்டனர். தஹ்ரா குகையைக் காட்டி அதை நியாயப்படுத்த முடியுமா? முடியாது. நம்மவர் செய்தாலும் தவறு தவறுதான்.

1847 டிசம்பரில் அமீர் சரணடைந்தார். கிழக்கே ஒரு முஸ்லிம் நாட்டுக்கு அனுப்புவதாக வாக்களித்த பிரான்ஸ், 1852 வரை அவரைத் தன் மண்ணில் சிறை வைத்தது. வாக்கு மீறப்பட்ட அந்த மனிதர்தான் 1860-ல் டமாஸ்கஸ் நகரில் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டபோது, தம் அல்ஜீரியத் தோழர்களோடு வீதியில் இறங்கி ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்! பிரான்ஸ் மீதிருந்த கோபத்தை டமாஸ்கஸ் கிறிஸ்தவர்கள் மீது அவர் காட்டவில்லை.

வியாபாரிகளே, உங்களுக்கு இது எளிதில் விளங்கும். எதிர்க் கடைக்காரர் எடையில் மோசடி செய்கிறார் என்பதற்காக நம் தராசில் கை வைக்க நமக்கு அனுமதி உண்டா? நாளை மறுமையில் அவருடைய தராசுக்கா நாம் பதில் சொல்லப் போகிறோம்?

ஆக்கிரமிப்பு அநீதி. அதை எதிர்ப்பது உரிமை. 1977-ன் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்க்கும் மக்களின் ஆயுதப் போராட்டத்தைத் தன் விதிகளுக்குள் ஏற்றிருக்கிறது. பொதுமக்களைத் தாக்கக் கூடாது என்பதும் அதே நெறிமுறைதான். போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் 1400 ஆண்டுகளுக்கு முன்பே தடுத்து விட்டார்கள்.

2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீன மண்ணில் இஸ்ரேல் நீடிப்பது சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. அதை நாம் உரக்கச் சொல்வோம். ஆனால் எந்தத் தரப்புக் குழந்தையின் சாவுக்கும் கை தட்டாதீர்கள். இங்கே கை தட்டிவிட்டு, காஸாவின் குழந்தைகளுக்காக எந்த வாயால் நியாயம் கேட்பீர்கள்?

அநீதியை எதிர்க்கும் துணிவையும், எதிர்க்கும்போது அநீதி செய்யாத பக்குவத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.